தேங்காய் தீவில், கடை குடியாத்தத்தில்: மாமாவின் ஆறு லட்சத்தை வாங்கும் முன்

வேலூரில் படித்து முடித்த 23 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்து ஊரிலிருந்து 1960களில் அந்தமானுக்குக் கூலி வேலைக்குப் போய் அங்கேயே குடியேறியவர். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) படகில் போகவேண்டிய ஒரு சிறு தீவில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மகளைச் சத்துவாச்சாரியில் பெரியம்மா வீட்டில் தங்கவைத்து உணவு அறிவியல் படிக்க வைத்தார்கள். இப்போது தீவுக்குத் திரும்பி வெர்ஜின் தேங்காய் எண்ணெய் (கொப்பரையாக்காமல் பச்சைத் தேங்காயிலிருந்தே எடுப்பது) எடுக்கும் தொழில் தொடங்க ஆசை. "என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் தீவை விட்டுப் போய்விட்டார்கள். ஐந்து பேருக்காவது அங்கேயே வேலை கொடுக்க வேண்டும்" என்கிறார். குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாய்மாமா 6 லட்சம் தருகிறார். எண்ணெயைத் தன் கடையிலும் தெரிந்த கடைகளிலும் விற்றுத் தருவதாகவும் "லாபத்தில் பாதி எனக்கு" என்றும் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார். 50,000 ரூபாய் கொடுத்தால் ஸ்டார்ட்அப் திட்டத்தில் 10 லட்சம் "திருப்பித் தர வேண்டாத மானியம்" வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் பேசுகிறார். அம்மாவோ, வேலூரிலேயே ஒரு வேலைக்குப் போ என்கிறார். 4 லட்சத்துக்கு ஒரு இயந்திரமும் பார்த்து வைத்திருக்கிறார் இந்த வாசகி. முன்பணம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: "எங்கள் கொப்பரை போகிற கப்பலிலேயே எண்ணெய் பாட்டில் திரும்பி வருகிறது." ஒரு தொழிலுக்கு இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடைக்காது. ஆனால் அதை எழுதிய நீங்களே அடுத்த பக்கத்தில் உங்கள் எண்ணெயையும் கப்பலேற்றிக் குடியாத்தத்துக்கு அனுப்பத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். முன்பணம் கொடுக்க வேண்டாம். கொஞ்ச நாள் பொறுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கப்பல் கூலி யாருக்குக் காவல்?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கமே தென்னந்தோப்பு உள்ள ஊர்தான். வேலூரில் தெருவுக்கு ஒரு மரச்செக்குக் கடை வந்துவிட்டது. போதாக்குறைக்குப் பொள்ளாச்சியிலிருந்தும் காங்கேயத்திலிருந்தும் லாரியில் ஒரே இரவில் சரக்கு இறங்குகிறது. நம் பக்கத்துச் சமையலில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் அதிகம். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் தலைக்குத்தான். இந்தச் சந்தையில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். மாமா மேல் பாசம் இருக்கிற வாடிக்கையாளர் முதல் பாட்டிலை வாங்குவார். மூன்றாவது பாட்டிலுக்கு விலையைப் பார்ப்பார்.

இதில் இன்னொரு கணக்கும் உங்கள் தாளில் விட்டுப்போயிருக்கிறது. பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் சென்னையிலிருந்துதான் தீவுக்குப் போக வேண்டும். காலிப் பாட்டிலுக்கு எடை இல்லை என்றாலும் இடம் உண்டே. கப்பலில் இடத்துக்கும் காசுதான். ஆக, காற்றை ஏற்றிக்கொண்டு போக ஒரு கூலி, எண்ணெயை நிரப்பித் திருப்பி அனுப்ப ஒரு கூலி. சென்னை வர மூன்று நாள் ஆகும் கப்பல், "மழைக்காலத்தில் பத்து நாள் கூட வராது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடுத்து முடித்த எண்ணெய் துறையில் காத்திருக்கும் நாள், பயண நாள், கடைக்காரர் கேட்கும் கடன் நாள் எல்லாம் சேர்த்தால் இன்று போட்ட பணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகலாம். 6 லட்சத்தில் 4 லட்சம் இயந்திரத்துக்குப் போய்விட்டால் அந்த மூன்று மாதத்தை எதை வைத்து ஓட்டுவீர்கள்?

வாணியம்பாடியில் தோல் கைப்பை செய்யத் தொடங்கிய ஒரு தம்பியின் கணக்கு என்னிடம் இருந்தது. நல்ல தையல் இயந்திரங்கள் வாங்கினார், கைவேலையும் சுத்தம். இரண்டாவது ஆர்டருக்குத் தோல் வாங்கக் காசு இல்லை. முதல் ஆர்டர் பணம் வராததால் அந்த இயந்திரங்களையே விற்றார். சரக்கு விற்காமல் மூடிய கடைகளை விட, விற்ற சரக்குக்குப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியவைதான் நான் அதிகம் பார்த்தது. தீவில் இது இரட்டிப்பாகும்.

இப்போது இதே கடலை அந்தப் பக்கமிருந்து பாருங்கள். உங்கள் தீவுக் கடையில் இருக்கும் எண்ணெய் பாட்டில் ஒவ்வொன்றும் கப்பல் கூலியைச் சுமந்துகொண்டு வந்தது. அதே தீவில் எடுக்கிற எண்ணெய்க்கு அந்தக் கூலி இல்லை. வெளியே போகும் சரக்குக்குச் சுமையாக இருக்கிற கப்பல் கூலி, உள்ளே விற்கும் சரக்குக்குக் காவல்காரன். முதல் வாடிக்கையாளர்கள் தீவுக்காரர்கள். அடுத்த வாடிக்கையாளர் சுற்றுலாப் பயணி. அவர் 200 மில்லி பாட்டிலைத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டு தன் டிக்கெட்டில் தானே ஊருக்கு எடுத்துப் போகிறார். உங்களுக்கு அதைவிட மலிவான சரக்குக் கப்பல் உண்டா? படகுத்துறை, இரண்டு மூன்று விடுதிகள், ஸ்கூபா கற்றுத்தரும் கடைகள்: முதல் ஆறு மாதத்துக்கு இதுவே போதும்.

வரி விஷயத்திலும் இது லகு. ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் விற்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே சரக்கு விற்கும் வரை அது சரி. தீவிலிருந்து தமிழ்நாட்டுக்கு விற்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை; முதல் பாட்டிலிலிருந்தே பதிவு கட்டாயம். 40 லட்ச வரம்பு அங்கே செல்லாது. இந்த ஒன்று தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என் அலுவலகத்துக்கு மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

பொருளைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் தவறவில்லை. அந்தமானில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. நம் வேலூர் வெயிலில் காய்வது போலக் கொப்பரை அங்கே காயாது; பூஞ்சை பிடித்துவிடும். பச்சைத் தேங்காயிலிருந்தே எடுக்கிற எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. ஈரம் மிஞ்சினால் காறிப்போகும் என்பது மட்டும்தான் ஆபத்து. படிப்பில் அதைக் கற்றவர் நீங்கள். எனக்குச் சொல்லித் தரலாம்.

அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்

இதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க இடைத்தரகர் தேவையில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனியார் நிறுவனம், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டு நிறுவனம் போன்ற அமைப்புகளுக்குத்தான். தனிநபர் தொழிலுக்குக் கிடையாது. புதுமை என்ன என்றும் கேட்பார்கள். செக்கு வைத்து எண்ணெய் எடுப்பதைப் புதுமை என்று அவர் எழுதிக் கொடுப்பார், கையெழுத்து உங்களுடையது. தமிழக அரசு ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் ஆதார நிதியும் சும்மா வருவதில்லை, நிறுவனத்தில் பங்கு எடுத்துக்கொண்டு தருவது. தமிழ்நாட்டில் பதிவான நிறுவனங்களுக்கானது.

காட்பாடி காந்தி நகரில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் "நீட்ஸ்" (தமிழக அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டம்) பற்றி விசாரித்ததாகவும் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல திட்டம்தான், 25 சதவீத மானியம், வட்டியிலும் சலுகை. ஆனால் தொழில் தமிழ்நாட்டுக்குள் இருக்க வேண்டும். வேலூர் முகவரியைக் காட்டிக் கடன் வாங்கித் தீவில் இயந்திரம் போடலாமே என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வங்கி மேலாளர் இயந்திரத்தைப் பார்க்க வருவார்.

எந்தத் திட்டம், எந்த வரிசையில்

உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு. ஒன்று, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், பிஎம்இஜிபி என்பார்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டமதிப்பு போடலாம். பெண் என்பதால் நீங்கள் சிறப்புப் பிரிவு: கிராமப்புறத்தில் மானியம் 35 சதவீதம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். 12 லட்சம் ரூபாய்த் திட்டம் என்று வையுங்கள். உங்கள் கைப்பணம் 60,000. வங்கி 11,40,000 தரும். மானியம் 4,20,000. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த மானியம் கைக்கு வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டு வைப்பாக இருக்கும். தொழில் நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அந்தத் தொகைக்கு மட்டும் வட்டி ஓடாது. நடுவில் மூடினால் மானியமும் திரும்பிப் போய்விடும்.

இரண்டாவது, 2020இல் வந்த சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களை முறைப்படுத்தும் திட்டம், பிஎம்எஃப்எம்இ. இதிலும் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். சொந்தப் பணம் 10 சதவீதம். இரண்டுக்கும் இந்த நிதியாண்டில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு முக்கியம். பிஎம்இஜிபி புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடுகிற தொழில் என்று வங்கி நினைத்தால் தள்ளிவிடும். மற்றது ஓடுகிற தொழிலுக்கும் கிடைக்கும். நான் உங்களைச் சிறிய அளவில் விற்றுப் பார்க்கச் சொல்கிறேன். அப்படிச் செய்தால் பின்னால் பிஎம்எஃப்எம்இ தான் உங்கள் வழி. "முதலில் தொடங்கிவிடுவோம், பிறகு எல்லா மானியத்துக்கும் போடுவோம்" என்ற உங்கள் திட்டம் நடக்காது. வரிசை தவறினால் ஒரு கதவு மூடும்.

அடமானத்துக்கு அப்பாவின் தோப்பைக் கேட்பார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். சிறுதொழிலுக்கு ஒரு வரம்பு வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கிளையில் கேட்டால் மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். எழுத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

பணம் இல்லாத உதவியும் உண்டு, அதை நம் பிள்ளைகள் மதிப்பதில்லை. போர்ட் பிளேரில் 1978 முதல் இருக்கிற மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தீவு வேளாண்மைக்காகவே உள்ளது. அங்கேயே, அந்தமான் நிர்வாகத்தின் வளர்ச்சிக் கழகமான அனிட்கோ நடத்தும், புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் அடல் இன்குபேஷன் மையமும் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் இங்கே விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒருநாள் போய்வாருங்கள். காட்பாடியிலிருந்து எத்தனை தூரம்!

மாமாவின் பணம்

கடிதத்தில் இரண்டே வரியில் தாண்டிப்போன இந்த விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. மாமா நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். நல்லவர்களுக்குள் வரும் பணச் சண்டைதான் கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்ள வைக்கிறது.

"லாபத்தில் பாதி" என்ற பேச்சு சட்டத்தின் கண்ணில் கூட்டுத் தொழிலாகப் பார்க்கப்படலாம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி தொழிலின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுமையாகப் பொறுப்பு. நீங்கள் தீவில் ஒரு கடனைக் கட்டத் தவறினால் குடியாத்தம் கடை வரை வந்து கேட்கலாம். இது மாமாவுக்குத் தெரியுமா? பதிவு செய்யாத கூட்டு நிறுவனமாக இருந்தால், உங்களுக்குப் பணம் தராத வியாபாரி மேல் நீங்கள் வழக்குப் போடவும் முடியாது. இன்னொன்று: அவர் பங்காளியாகவும் இருந்து விற்பனையாளராகவும் இருந்தால், என்ன விலைக்கு அவருக்குக் கொடுப்பது? குறைத்தால் உங்களுக்கு நஷ்டம், கூட்டினால் அவருக்கு வருத்தம்.

என் யோசனை இது. மாமா பங்காளியாக வேண்டாம், கடன் கொடுத்தவராக இருக்கட்டும். 6 லட்சமும் இப்போது வேண்டாம். ஒன்றரை லட்சம் வாங்குங்கள். வங்கிக் கணக்கு வழியாக மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம், சொந்த மாமாவாக இருந்தாலும். வட்டி உண்டா இல்லையா, எப்போது தொடங்கித் திருப்புவது, தொழில் நின்றால் என்ன என்பதை இரண்டு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடன் பத்திரத்தை வைத்து வழக்குப் போடக் காலக்கெடு மூன்று ஆண்டு. அதற்குள் ஒரு தவணையாவது கட்டி எழுதிக்கொண்டால் அவர் உரிமை காலாவதியாகாது. அவருக்கு அந்தப் பாதுகாப்பை நீங்களே எடுத்துச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் பாருங்கள்.

"திருப்பியே தர வேண்டாம், வைத்துக்கொள்" என்று அவர் சொன்னால் அதற்கும் வழி உண்டு. தாயின் உடன்பிறந்தவர் வருமான வரிச் சட்டத்தில் உறவினர். அவர் தரும் அன்பளிப்புக்கு உங்களுக்கு வரி இல்லை. அதையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.

லேபிள்

"சமையலுக்கும் குழந்தை மசாஜுக்கும் தலைக்கும் ஏற்றது, தைராய்டு குணமாகும்" என்று லேபிள் மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். சாப்பிடும் எண்ணெய் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. உங்களைப் போன்ற சிறிய அளவு விற்பனைக்குச் சாதாரணப் பதிவு போதும், கட்டணமும் குறைவுதான். தலைக்கும் தோலுக்கும் என்று எழுதினால் அது அழகுசாதனப் பொருள். தயாரிக்கத் தனி உரிமம். ஒரே பாட்டிலில் இரண்டும் வேண்டாம். சமையல் எண்ணெய் என்று மட்டும் போடுங்கள். வாங்குகிறவர் தலையில் தடவிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. நோய் குணமாகும் என்ற வரியை அடித்துவிடுங்கள், அது வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஐந்து பேருக்கு வேலை

உங்கள் ஆசையைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதல் மாதமே ஐந்து சம்பளம் என்று தொடங்கினால் ஆறாவது மாதம் ஐந்து பேரிடமும் முகம் கொடுக்க முடியாது. நகரத்தில் தோற்றால் வேறு தெருவுக்குப் போகலாம். சின்னத் தீவில் அதே ஐந்து பேரைத்தான் தினமும் படகுத்துறையில் பார்க்க வேண்டும்.

பசிபிக் கடலில் சமோவா என்ற தீவு நாட்டில் 1991இல் தொடங்கிய ஒரு பெண்கள் அமைப்பு இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்குப் பெரிய ஆலை ஒன்றைக் கட்டவில்லை. குடும்பம் குடும்பமாகத் தோப்பிலேயே சிறு கைப்பிழி கருவிகளில் எண்ணெய் எடுக்கவைத்து, தரம் பார்த்துச் சேகரித்து, தி பாடி ஷாப் போன்ற பெரிய நிறுவனத்துக்கே விற்றார்கள். அமைப்பின் வேலை எண்ணெய் பிழிவதை விடத் தரம் பார்ப்பதும் வாங்குபவரைப் பிடிப்பதும்தான். (அந்த நிறுவனத்தின் பிரிட்டன் கிளையே 2024 பிப்ரவரியில் நொடித்துத் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஒரே வாங்குபவரை நம்பியிருப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு மாமா கடையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் தீவில் வீட்டில் எண்ணெய் எடுக்கத் தெரிந்த பெண்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முறையைச் சொல்லிக் கொடுங்கள். லிட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குங்கள். ஈரப்பதம் சோதிப்பது, வடிகட்டுவது, நிரப்புவது உங்கள் கையில் இருக்கட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்கிற இடத்தை இதற்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும். சென்னைக்குப் போன நண்பர்களைத் திரும்பக் கூப்பிடுவது அதற்குப் பிறகு. ஒரு நண்பரை மட்டும் இப்போதே சேருங்கள்: மோட்டார் பழுது பார்க்கத் தெரிந்தவரை. நீங்கள் பார்த்து வைத்த இயந்திரம் கோயம்புத்தூரில் செய்தது. ஒரு பேரிங் போனால் அது கப்பலேறி வரும்வரை என்ன செய்வீர்கள்? சின்னத் தீவில் மின்சாரமும் டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கையால் சுற்றியும் ஓடுகிற சிறு கருவியை முதலில் பாருங்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் தொழிலுக்கு எதிரி என்று நீங்கள் எழுதிய தொனியை நான் ஏற்கவில்லை. எவ்வளவு போகும் என்று தெரியாததால் பயப்படுகிறார். தோற்றால் அதிகபட்சம் ஒன்றரை லட்சம், ஆறு மாதம், தோப்பு அடமானத்தில் இல்லை என்று கணக்காக எழுதிக் காட்டுங்கள். ஆறு மாதம் கழித்து வேலூருக்கு வந்து வேலை தேடினாலும் 24 வயதுக்கு அது தாமதமில்லை.

கொட்டகையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு மட்டும் நான் இப்போது பதில் சொல்லவில்லை. அந்தமானில் நிலம் 1966ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. குடியேறியவர்களுக்குத் தந்த விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கடற்கரைக்கு அருகில் என்றால் தீவுக் கடலோர ஒழுங்குமுறை வேறு குறுக்கே நிற்கும். தாத்தாவுக்கு நிலம் தந்த உத்தரவில் என்ன நிபந்தனை, இப்போது அது யார் பெயரில் என்று பார்க்காமல் ஒரு கீற்றுக்கூட வேய வேண்டாம். அப்பாவிடம் சொல்லி அந்த உத்தரவின் நகலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.